20 டிகிரி இல்லாத ஊரில் மைக்ரோமீட்டர்

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறும் வாரம் மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் ஒரே பேச்சுதான். கொடி ஏறிவிட்டது, அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் லோடு ஏற்றிவிட வேண்டும், அதற்கு அப்புறம் ஆள் கிடைக்காது. அந்த நாட்களில் உள்ளூர் ஆட்கள் ஷிப்டுக்கு வர மாட்டார்கள், வரச் சொல்லிக் கேட்பதும் தப்பு. நான் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்த இரண்டாவது வருடம், அப்படி ஒரு வாரத்தில் 120 அலுமினிய ஹவுசிங்குகளை, அதாவது பேரிங்கைத் தாங்கும் கூடுகளை, அளந்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். திருவிழா முடிந்து வேலைக்குப் போன அன்று காலையில் அத்தனையும் திரும்பி வந்து வாசலில் அடுக்கிக் கிடந்தன.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேரிங் உட்காரும் துளை, 80 மில்லிமீட்டர் விட்டம். வரைபடத்தில் ஹெச்7 என்று போட்டிருந்தது. 80-க்கு அதன் அர்த்தம், துளை 80.000-க்குக் கீழே போகக் கூடாது, 80.030-க்கு மேலேயும் போகக் கூடாது. நடுவில் இருக்கும் இடம் 30 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஆளுக்கு ஆள் மாறினாலும் ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் இருக்கும். முடியில் பாதிகூட இல்லாத இடத்துக்குள் துளையை நிறுத்தியாக வேண்டும். நான் துளை அளக்கும் போர் கேஜை, அளவு தெரிந்த எஃகு வளையமான செட்டிங் ரிங்கில் வைத்து ஜீரோ செய்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு மெதுவாக ஆட்டி, முள் திரும்பும் இடத்தைப் பார்த்து 80-க்கு மேல் 18, 20, 21 மைக்ரான் என்று எழுதிக்கொண்டே போனேன். எல்லாம் ஓகே. வாங்கியவர்கள் தங்கள் குளிர்சாதன அறையில் அளந்தபோது, அதே துளைகள் 80-ஐவிட 30 மைக்ரான் சிறிதாக இருந்தன. பேரிங் இறங்கவில்லை.

அவர்கள் கணக்குக்கும் என் கணக்குக்கும் 50 மைக்ரான் இடித்தது. "நீ அளக்கவே இல்லம்மா, உக்காந்து எழுதியிருக்க" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். 120 துளைகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து அளந்தவள் நான். அன்றைக்குத் திருமங்கலம் பஸ்ஸில் பெரியார் நிலையம் வரை அழுதுகொண்டே வந்தேன். ரிப்போர்ட்டில் நான் எழுதிய ஒரு எண்ணும் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் பொய் சொன்னது எது என்பதுதான் புரியவில்லை.

அளவு என்ற வார்த்தையோடு எனக்கு முதலில் ஞாபகம் வருவது நூல். அம்மாவைப் பெற்ற தாத்தா மேலூர் பக்கம் தச்சு ஆசாரி. ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். "மூணே கால் இஞ்சு, ஒரு நூல் கம்மி" என்று அவர் சொன்னால், அறுப்பவர் அரை நூல் கூடுதலாக விட்டு அறுத்து, மிச்சத்தை இழைப்புளியில் எடுத்துக்கொள்வார். 1956-இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் சிம்மக்கல் ஹார்டுவேர் கடையில் இன்றைக்கும் முக்கால் இஞ்ச் பைப், மூணு நூல் கம்பி என்று கேட்டால்தான் கடைக்காரர் கை தானாக அந்தப் பக்கம் போகும். ஒரு நூல் என்பது 3.175 மில்லிமீட்டர். தாத்தாவின் ஒரு நூலுக்குள் என்னுடைய 30 மைக்ரான் நூறு தடவைக்கு மேல் அடங்கும். அதனால் அவர் வேலை சுமாரான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐப்பசி மழையில் யாராவது கதவு இறுக்குகிறது, இழைத்துக் கொடுங்கள் என்று வந்தால் அவர் உளியைத் தொட மாட்டார். "மரம் இப்பத் தண்ணி குடிச்சிருக்கு. தை பொறக்கட்டும், அளந்து பாப்போம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது இந்த 120 ஹவுசிங் திரும்பி வந்த பிறகுதான்.

பாலிடெக்னிக்கில் முதல் வருடம் வெர்னியர் கேலிப்பரைக் கையில் கொடுத்தார்கள். கீழே ஒரு குட்டி ஸ்கேல், அதில் 50 கோடுகள், ஆனால் அந்த 50 பிரிவும் சேர்ந்து மேல் ஸ்கேலில் 49 மில்லிமீட்டர்தான். அதாவது ஒவ்வொரு பிரிவும் மேலே உள்ளதைவிட 0.02 குறைச்சல். எந்தக் கோடு மேல் கோட்டோடு நேராக நிற்கிறதோ அதை எண்ணினால் அளவு கிடைத்துவிடும். பரீட்சைக்கு எல்லோரும் இதை மனப்பாடம் செய்தோம், ஆனால் அதில் இருக்கும் அழகை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் 50-இல் ஒன்றா, 50-இல் இரண்டா என்று நம் கண்ணால் சொல்லவே முடியாது. ஆனால் இரண்டு கோடுகள் நேராக இருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்று கேட்டால் அதே கண் டக்கென்று சொல்லிவிடும். கண்ணுக்கு வராத வேலையைக் கண்ணுக்கு நன்றாக வரும் வேலையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார் பியர் வெர்னியர் என்ற அந்த பிரெஞ்சுக்காரர், அதுவும் 1631-இல். இன்றைக்கும் கேலிப்பரைத் திறக்கும்போது எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு மரியாதை வரும்.

மைக்ரோமீட்டர் வேறு ரகம். அது வெறும் திருகாணிதான். ஒரு சுற்று சுற்றினால் அரை மில்லிமீட்டர் நகரும். அந்த ஒரு சுற்றைத் திம்பிள் என்ற சுழலும் உறையைச் சுற்றி 50 கோடுகளாகப் போட்டிருப்பார்கள், ஆக ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். திம்பிளில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடம் இருக்கும். கண்ணுக்கே தெரியாத நகர்வை நூறு மடங்கு விரித்துக் காட்டுகிறது. கையடக்கமாக இதைச் செய்து 1848-இல் பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் ழான் லோரன் பால்மர். 1867-இல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் செய்ய ஆரம்பித்தார்கள் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனிக்காரர்கள்.

ஷாப்பில் எங்களுக்கு ஒரு மூத்த டர்னர் அண்ணன் இருந்தார். நான் சேர்ந்த முதல் வாரம், முதல் தடவை மைக்ரோமீட்டரை முறுக்கியதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ஜி-கிளாம்ப் மாதிரி முறுக்காத பாப்பா, அது அளக்குற சாமான், பிடிக்கிற சாமான் இல்ல." ஒரே பின்னை அவர் அளந்தார், நான் அளந்தேன், பக்கத்தில் நின்ற இன்னும் மூன்று பேர் அளந்தார்கள். ஐந்து பேருக்கும் ஒரே எண் வரவில்லை. அப்புறம் எல்லோரையும் நுனியில் இருக்கும் ராட்செட்டை மட்டும் பிடித்துத் திருப்பச் சொன்னார், மூன்று கிளிக், போதும். ஐந்து பேரும் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டோம். எவ்வளவு இறுக்குவது என்ற முடிவைக் கையிடமிருந்து வாங்கி ஒரு ஸ்பிரிங்கிடம் கொடுப்பதுதான் ராட்செட்டின் வேலை. கேலிப்பரில் அந்த வசதி இல்லை, அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜாப், அதாவது அளக்கும் பாகம், கீழே தாடைகளுக்கு நடுவில் இருக்கிறது, ஸ்கேல் மேலே கம்பத்தில் இருக்கிறது. கொஞ்சம் அழுத்தினாலும் தாடை சாய்ந்து அளவு மாறிவிடும். அளக்கப்படும் பொருளும் ஸ்கேலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் ஆபே என்ற ஜெர்மன் அறிஞர் 1890-இல் சொன்னது இதைத்தான். மைக்ரோமீட்டரில் ஸ்பிண்டில் என்ற நகரும் தண்டும் ஜாப்பும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இரண்டும் 0.01 காட்டினாலும் ஒரு துளி சந்தேகம் வந்தால் நான் மைக்ரோமீட்டரைத்தான் எடுப்பேன்.

சரி, திரும்பி வந்த பெட்டிக்கு வருவோம்.

அழுதுவிட்டுப் போன மறுநாள் மத்தியானம் டர்னர் அண்ணன் என்னை அழைத்தார். பெட்டியிலிருந்து ஒரு ஹவுசிங்கை எடுத்து அடையாளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, "இப்ப அள" என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெப்பமானி 36 காட்டியது. ரிங்கில் ஜீரோ செய்து துளைக்குள் விட்டேன். 15 மைக்ரான் குறைவு. நான் எழுதியதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை, மூன்றாவதாக ஓர் அளவு! எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. "ரிங்கையும் இதையும் ஒண்ணா கல்லு மேல வெச்சுட்டு வீட்டுக்குப் போ, விடியக்காலம் முதல் பஸ்ஸுக்கு வா" என்றார். கல் என்று அவர் சொன்னது இன்ஸ்பெக்‌ஷன் அறையில் இருக்கும் கறுப்பு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டை. மறுநாள் ஆறு மணிக்கு அறைக்குள் 27 டிகிரி. அதே துளை, அதே ரிங், அதே கேஜ். 23 குறைவு.

"இன்னும் குளுந்தா இன்னும் கொறையும். அவங்க ஏசி ரூம்ல 30 கொறஞ்சுச்சு. நீ மெஷின்லருந்து எறக்குன சூட்டோட அளந்திருக்க பாப்பா, இது இரும்பு இல்ல, அலுமினியம்" என்றார்.

அப்போதுதான் மரம் தண்ணீர் குடித்த கதை ஞாபகம் வந்தது.

லோடு ஏற்றும் அவசரத்தில், துளை வெட்டி முடிந்து மெஷினின் சக்கிலிருந்து கழற்றிய ஜாப்பைத் துணியால் துடைத்துவிட்டு உடனே என்னிடம் நீட்டினார்கள், நானும் உடனே அளந்தேன். குளிர்விக்கும் கூலண்ட் விடாமல் உலர்வாக வெட்டிய ஜாப், கையில் எடுத்தால் சுட்டது, சுட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அதே மாதிரி ஒன்றை வெட்டி வெப்பமானி வைத்துப் பார்த்தோம்: 55 டிகிரி. கணக்கு ரொம்ப எளிது. ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும், அலுமினியம் அதைப் போல இரண்டு மடங்கு, சுமார் 23. வரைபடத்தில் போட்டிருக்கும் 80 என்பது 20 டிகிரியில் இருக்க வேண்டிய 80. என் 80 மில்லிமீட்டர் துளை 55-லிருந்து 20-க்கு இறங்கும்போது 64 மைக்ரான் சுருங்குகிறது. நான் ஜீரோ செய்த எஃகு ரிங் 36 டிகிரியில் இருந்தது, அது 20-க்கு வந்தால் 15 மைக்ரான்தான் சுருங்கும். 64-லிருந்து 15 போனால் 49. நான் எழுதிய 20 அதிகத்துக்கும் அவர்கள் பார்த்த 30 குறைவுக்கும் நடுவில் இருந்த 50 மைக்ரான் முழுக்க வெயிலும் வெட்டுச் சூடும்தான். கேஜ் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எத்தனை டிகிரியில் அளந்தேன் என்பதை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான் குற்றம்.

துளை சிறிதாகப் போனது ஒருவகையில் நல்லது, திரும்ப வெட்டலாம். இரண்டு ராத்திரி ரீவொர்க் ஓடியது. மேனேஜர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதமே ஷாப்புக்கு இரண்டு வெப்பமானி வாங்கிக் கொடுத்தார், ரிப்போர்ட் படிவத்தில் டிகிரி என்று ஒரு கட்டம் சேர்க்க ஒத்துக்கொண்டார். அந்தக் கட்டத்தை இன்றுவரை நான் காலியாக விட்டதில்லை.

இதற்கு அப்புறம்தான் அந்த 20 டிகிரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பழைய மீட்டர் கட்டை பனிக்கட்டி உருகும் 0 டிகிரியில்தான் சரியாக ஒரு மீட்டர். பிரிட்டிஷ்காரர்கள் கஜத்தை 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்திருந்தார்கள், அது 17 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் ஊரில் செய்த போல்ட் இன்னொரு ஊரில் செய்த நட்டுக்குள் போக வேண்டுமென்றால் இரண்டு ஊரும் ஒரே வெப்பத்தில் அளவைப் பேச வேண்டும். 1931-இல் சர்வதேச எடை அளவைக் குழு, தொழில் அளவுகளுக்கு 20 டிகிரி என்று முடிவு செய்தது. உலகத் தர நிர்ணய அமைப்பு 1951-இல் வெளியிட்ட முதல் விதி, ஐஎஸ்ஓ 1, இதைப் பற்றியதுதான். போல்ட்டுக்கும் பேப்பருக்கும் கண்டெய்னருக்கும் விதி எழுதுவதற்கு முன்னால், எத்தனை டிகிரியில் அளப்பது என்று எழுதி அதற்கு 1 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்தபோது, பஸ்ஸில் அழுதுகொண்டு வந்த அந்தப் பெண்ணிடம் இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது. நாங்கள் படித்த பாலிடெக்னிக் புத்தகத்தில் இது ஒரு வரி. ஒரு மார்க் கேள்வி.

நம் ஊருக்கு 20 டிகிரி எப்போது வரும்? மார்கழி, தை விடியலில் மதுரை அதைத் தொட்டுப் பார்க்கும், வெயில் ஏறியதும் தாண்டிவிடும். மற்ற நாளெல்லாம் ஏசி போட்டு அறையைக் குளிர வைத்தால்தான் உண்டு, சின்ன ஷாப்பில் அதற்கு மின்கட்டணம் கட்ட முடியாது. ஆனால் ஏசி இல்லாமல் சரியாக அளக்கவே முடியாது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். இரும்பு ஜாப்பை, அளவு தெரிந்த இரும்பு மாஸ்டரோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால், இரண்டும் ஒரே அளவு விரிந்திருக்கும், வித்தியாசம் அடிபட்டுப் போகும். 38 டிகிரியில் அளந்தாலும் சரியான விடைதான். ஆகவே எங்களுக்குத் தேவை குளிர் இல்லை, பொறுமை. ஜாப்பும் மாஸ்டரும் கேஜும் ஒரே கல்லின் மேல், ஃபேன் காற்று ஒரு பக்கமாக அடிக்காமல், ஜன்னல் வெயில் படாமல், பக்கத்துப் பக்கத்தில் கிடந்து ஒரு நிலைக்கு வர வேண்டும். சின்னப் பின்னுக்கு அரை மணி போதும், கனமான ஹவுசிங் என்றால் நான் ராத்திரி முழுக்க விடுவேன். அலுமினியத்துக்கு அலுமினியத்திலேயே ஒரு மாஸ்டர் செய்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, நாங்கள் அப்படி இரண்டு செய்து வைத்திருக்கிறோம். பித்தளை மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 19 மைக்ரான் விரியும். நைலான் புஷ் வந்தால் இன்னும் கவனமாக இருப்பேன், அது இரும்பைப் போல ஏழெட்டு மடங்கு விரியும்.

மாஸ்டர் என்று சொன்னேன், அந்த மாஸ்டருக்கு மாஸ்டர் ஸ்லிப் கேஜ். மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கிய எஃகுத் துண்டுகள். எங்கள் பெட்டியில் 87 துண்டுகள். 58.975 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 1.005, 1.47, 6.5, 50 என்று நான்கை எடுத்துச் சேர்த்தால் வந்துவிடும். சேர்ப்பதற்குப் பசையும் வேண்டாம், கிளாம்ப்பும் வேண்டாம். முகங்களைச் சுத்தமாகத் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து வழுக்கித் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும், தூக்கினால் பிரியாது. அவ்வளவு சமமாகத் தேய்த்த முகங்கள். முதல் தடவை அந்த ஒட்டல் என் விரலுக்குத் தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது, மிகைப்படுத்தவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆர்மரராக, அதாவது ஆயுதக் கம்மியராக, இருந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 1896-இல். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு கேஜ் என்று நூற்றுக்கணக்கில் செய்து குவிப்பதற்குப் பதிலாக, 102 துண்டுகளை வைத்து 1-லிருந்து 201 மில்லிமீட்டர் வரை நூற்றில் ஒரு மில்லிமீட்டர் படியாக எந்த அளவையும் கட்டலாம் என்று கணக்குப் போட்டார். அந்தத் துண்டுகளைத் தேய்த்து முடிக்க அவர் மனைவியின் தையல் மெஷினைத்தான் மாற்றி அமைத்துக்கொண்டாராம். எங்கள் வீட்டிலும் அம்மா மிதித்த ஒரு தையல் மெஷின் இருக்கிறது, அதைக் கடக்கும்போதெல்லாம் யோஹான்சன் வீட்டு அம்மாவை நினைத்துக்கொள்வேன், அந்த வருடங்களில் அவர் எதை வைத்துத் தைத்தாரோ.

ஸ்லிப் கேஜைக் கையால் தொடாதே, கைச்சூடு ஏறும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். உண்மைதான், 100 மில்லிமீட்டர் துண்டு ஐந்து டிகிரி ஏறினால் ஆறு மைக்ரான் நீண்டுவிடும். மைக்ரோமீட்டரின் வளைவில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பதும் கைச்சூடு உள்ளே போகாமல் இருக்கத்தான். ஆனால் அந்தப் புத்தகங்கள் குளிர் நாட்டில் எழுதியவை. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் உள்ளங்கையும் ஷெட்டும் ஒரே சூட்டில் இருக்கும், அங்கே சூட்டைவிடப் பெரிய எதிரி வியர்வை. விரல் பட்ட இடம் இரண்டு நாளில் துருப்பிடித்து ரேகையாகவே தெரியும், துரு ஏறிய முகம் அப்புறம் ஒட்டாது. கையுறை போட்டு எடு, வேலை முடிந்ததும் துடைத்து வாஸ்லின் தடவி வை என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் கெஞ்சாத நாளில்லை.

அந்தப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரே ஒரு வருத்தம், டிஜிட்டல் கேலிப்பர். எண் தெரிகிற எதையும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். திரையில் 24.97 என்று வந்தால் அது 24.97-தான் என்று சண்டைக்கு வருகிறார்கள். அது 0.01 வரை காட்டும், ஆனால் நல்ல கம்பெனிக் கேலிப்பரே கூட்டியோ குறைத்தோ 0.02 வரை தவறலாம் என்றுதான் அதோடு வரும் காகிதத்திலேயே போட்டிருக்கும். எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது என்பது வேறு, எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பது வேறு. இதே கோபம் எனக்கு அளவுச் சரிபார்ப்பு ஸ்டிக்கர் மேலும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை கருவிகள் ஆய்வகங்களுக்கான தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்குப் போய் வருகின்றன, அந்த ஆய்வகத்தின் மாஸ்டர் அதற்கும் மேலே ஓர் ஆய்வகத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கும், அப்படியே படியேறிப் போனால் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம், அங்கிருந்து மீட்டரின் வரையறை வரை போகலாம்: 1983 முதல், ஒளி ஒரு நொடியில் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம்தான் ஒரு மீட்டர். கப்பலூரில் என் மேசை மேல் இருக்கும் மைக்ரோமீட்டருக்கு அங்கே வரை ஒரு சொந்தம் இருக்கிறது, எனக்கு அது பெருமை. ஆனால் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ஸ்டிக்கரில் தேதி தாண்டவில்லையே என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சான்றிதழைப் பிரித்து உள்ளே 25 மில்லிமீட்டரில் எவ்வளவு பிழை, 50-இல் எவ்வளவு என்ற பட்டியலை யாரும் படிப்பதில்லை. நான் அதை நகல் எடுத்துக் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாளே ஒருவர் மைக்ரோமீட்டரைக் கீழே போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தால் அந்த ஸ்டிக்கரை வைத்து என்ன செய்வது? அதனால்தான் தினமும் காலையில் முகத்தைத் துடைத்து, மூடி, ஜீரோ பார்த்துவிட்டுத்தான் முதல் ஜாப்பைத் தொடுவேன். கீழே போட்டால் என்னிடம் சொல்லுங்கள், திட்ட மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இதுவரை நான்கு பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள், நான்கு பேரையும் திட்டவில்லை.

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் நல்ல அளவு என்றும் நான் நினைக்கவில்லை. வேலைக்கு வேண்டிய அளவு தெரிந்தால் போதும். எங்கள் தெரு முனையில் பைக் மெக்கானிக் ஸ்பார்க் பிளக் இடைவெளியை ஹாக்ஸா பிளேடு வைத்துப் பார்ப்பார், பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.65, பல பைக்குகளின் பிளக்குக்கு வேண்டியது 0.6-லிருந்து 0.7. அது போதுமான கேஜ்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் துளை பார்க்க வேண்டிய இடத்தில் கோ, நோ-கோ பிளக் கேஜைவிட நல்லது எதுவும் இல்லை, ஒரு பக்கம் போக வேண்டும், சிவப்புப் பட்டை போட்ட மறுபக்கம் போகக் கூடாது, படித்துப் பார்க்க எண்ணே கிடையாது. ஆனால் அதிலும் ஒன்று, அலுமினியத் துளை சூடாக இருக்கும்போது கோ பக்கம் சந்தோஷமாகப் போய்விடும்.

போன வருடம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அறுவைக்கு முன்னால் கண்ணின் நீளத்தை அளப்பார்கள், கருவிழியின் முன்பக்கத்திலிருந்து பின்னால் விழித்திரை வரை. பெரியவர்களுக்கு அது சராசரியாக 23, 24 மில்லிமீட்டர் இருக்கும். உள்ளே வைக்கப் போகும் லென்ஸின் பவரை அந்த நீளத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பவர் ஏறக்குறைய இரண்டரை, மூன்று டயாப்டர் தவறிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டர், தாத்தாவின் கணக்கில் நூலில் மூன்றில் ஒரு பங்கு. அம்மா தாடையை வைத்து உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருண்டை, சோதனைக் கண் என்று எழுதியிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏம்மா, இதக் காலைல வெச்சுச் சரி பாத்துட்டீங்களா?"

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "தெனமும் மொத வேலையே அதுதாங்க்கா, பாத்துத்தான் நோட்டுல எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு, "அம்மா, இமைக்காம நேராப் பாருங்க" என்றாள். 23.41 என்று வந்தது. இன்னொரு தடவை எடுத்தாள், 23.40. மூன்றாவது தடவை அம்மா அசைந்துவிட, அதை அழித்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். 23.41.

நான் அம்மாவின் புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.